கறள் பிடிக்காத இரும்பு

பாலாவி உப்பளத்தில எங்கட சுல்பா ராத்தாதான் கங்காணி. "ஏன், ஆம்புளக் கங்காணி கிடைக்கல்லியா?" எண்டு கேக்க வாய எடுக்கிறவங்களுக்கு முதலே சொல்லிப்போடுறன்: கிடைச்சானுகள். வந்தானுகள். தொப்பியப் போட்டுக்கொண்டு வரம்பில நிண்டு ரெண்டு நாள் சத்தம் போட்டானுகள். பிறகு எந்தப் பாத்திக்கு எப்ப தண்ணி விடுறது, எப்ப உப்பு வாருறது எண்டு தெரியாம முழிச்சானுகள். ராத்தா கங்காணியான பிறகு முபாரிஸ் முதலாளி வேற ஆளத் தேடவே இல்ல.

நான் பஸீனா, அவட கடைசித் தங்கச்சி. அவக்குக் கீழ உப்பு வாருற பொம்புளயள்ல நானும் ஒருத்தி. தங்கச்சி எண்டு ஒரு சலுகையும் கிடையாது. மத்தவளுக்கு ஒரு ஏச்செண்டா எனக்கு ரெண்டு. கேட்டா, "உனக்கு ஏசினாத்தான் மத்தவளுக்கு உறைக்கும்" எண்டுவா. நல்ல நியாயம்! எத்தினயோ தரம் உப்பு வாருற பலகையத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிருக்கிறன். அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவட வீட்டு வாசல்ல நிண்டு, "வாங்க ராத்தா, பஸ் போயிடும்" எண்டு கூப்பிடுறதும் நான்தான்.

தொண்ணூறுல எருக்கலம்பிட்டில இருந்து ஆயுதம் தூக்கின இயக்கக்காரர் முஸ்லிம் சனமெண்டு எங்கள எழுப்பி விட்டப்போ அவக்குப் பன்னிரண்டு வயசு, நான் கைப்பிள்ள. உம்மாட கையில உடுப்புப் பொட்டணி, வாப்பாட தோள்ல அரிசிச் சாக்கு. என்னத் தூக்கினது ராத்தா. "அண்டைக்கே வழியில இறக்கி விட்டிருந்தா இந்த வாயக் கேக்க வேண்டி வந்திருக்காது" எண்டு இப்பவும் பகிடி பண்ணுவா.

புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்ல இருந்த காலத்தில எங்களுக்குப் பேரே அகதிதான். அகதிப் பிள்ள, அகதிப் பொம்புள. உப்பளத்தில ராத்தா முதல்ல செஞ்சது தலைல உப்புக் கூடை சுமக்கிற வேலை. அந்த அகதிப் பிள்ளதான் இண்டைக்குக் கங்காணி. இத நான் பஸ்ஸில பக்கத்தில குந்துறவளுக்கும் சொல்லுவன், அவ கேட்டாலும் கேக்காட்டியும்.

அவட காலுக்குள்ள இரும்பு வந்த கதையச் சொல்லணும். ஒரு போகத்தில, உப்பு மூட்டை ஏத்தின ட்ரெக்டர் பெட்டி ஈர வரம்பில சரிஞ்சி ராத்தாட மேல சாஞ்சிச்சி. வலது தொட எலும்பு, இடுப்போட பொருந்துற இடத்துக்குக் கிட்ட முறிஞ்சி போச்சி. குருநாகலுக்குக் கொண்டு ஓடினம். அங்க டொக்டர்மார் எலும்புக்கு வெளிப்பக்கமா ஒரு தகடு வெச்சி, எலும்புட தலைக்குள்ள ஒரு பெரிய ஸ்குரூவும், தகட்டப் பிடிக்கச் சின்னச் சின்ன ஸ்குரூவும் போட்டு இறுக்கினாங்க. வடிவான வேலை, எலும்பு பொருந்திச்சி. அடுத்த போகத்துக்கு ராத்தா வரம்பில நிண்டா.

நடை மட்டும் மாறிப்போச்சி. இடது கால் சளக் எண்டு விழும், வலது கால் சர்ர் எண்டு இழுபடும். சளக், சர்ர். சளக், சர்ர். உப்பளம் வெட்டவெளி, காத்து நல்லாச் சத்தத்தக் கொண்டு வரும். எங்களுக்கு அது நல்ல வசதியாப் போச்சி, பொய் சொல்லுவானேன்! எந்தக் கதை கதைச்சாலும் சளக், சர்ர் கேட்ட உடன வாயப் பொத்திட்டுக் குனிஞ்சி உப்ப வாருவம். எங்கட கூட்டத்தில யூஜினி எண்டு ஒருத்தி, கண்டக்குழிக்காரி, வேதக்காரப் பொம்புள. அவட காது நாய்க்காது. "மணி அடிக்குது, மணி அடிக்குது" எண்டு முதல்ல சொல்லுறது அவதான்.

இப்பிடிப் போய்க்கொண்டிருந்த கால், சில வருசத்துக்கு முந்தி நோகத் தொடங்கிச்சி. முதல்ல தொடைல, பிறகு முழங்கால்ல, பிறகு படுத்தாலும் நோவு, எழும்பினாலும் நோவு. நாங்க டொக்டர்ட்டப் போகச் சொன்னம். ராத்தா போகல்ல. ஏன் தெரியுமா? என்ன வருத்தம் எண்டு அவக்கே தெரியுமாம்.

"கறள் பிடிச்சிட்டுது" எண்டா.

சிரிக்காதீங்க. பாலாவில இருந்து பாத்தாத்தான் விளங்கும். எங்கட ஊர்ல கறள் பிடிக்காத சாமான் எது? வாசல் கேட்டுக் கொண்டி கறள். சைக்கிள் கறள். புதுசா வாங்கின பூட்டு ஒரு மழைக்காலம் தாண்டாது. மதகுப் பலகைல அடிச்ச ஆணி ஒரு போகத்தில மண்ணிறமாகி, மத்தப் போகத்தில தொட்டா உதிரும். முப்பது வருசமா உப்பு இரும்பத் திங்கிறதப் பாத்த மனிசி. தன்ட காலுக்குள்ள இரும்ப வெச்சிக்கொண்டு பொழுதும் உப்புத்தண்ணிக்குள்ள நிண்டா என்ன நெனைப்பா? எனக்கும் அது சரி எண்டுதான் பட்டிச்சி. உப்பளத்தில ஒருத்திக்காவது அது பிழை எண்டு படல்ல.

அப்ப வைத்தியமும் அவவே கண்டுபிடிச்சா. வேலைக்கு வரும்போது தொடையச் சுத்தி பொலித்தீன் கட்டினா. பின்னேரம் கிணத்துத் தண்ணியால காலக் கழுவி, பூட்டுக்கு எண்ணெய் விடுற மாதிரித் தேங்கெண்ணெய் பூசினா. எல்லாத்துக்கும் மேல, சாப்பாட்டில உப்ப விட்டா. கருவாடு இல்ல, ஊறுகாய் இல்ல, கறிக்கு ஒரு சிட்டிகை உப்பும் இல்ல. நாட்டுக்கு உப்பு வாரிக் குடுக்கிற மனிசி உப்பில்லாத சோறு திண்டா! அவட புருசன் இப்றாஹிம் மச்சான் த்ரீவீல் ஓட்டுறவர், பாவம், வாய் திறக்காத மனிசன். "அவ திங்காத உப்பு எனக்கு என்னத்துக்கு" எண்டு அவரும் விட்டுட்டாரு. அந்த வீட்டில ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க, அவருக்கு ராத்தாவில எவ்வளவு பாசம் இருந்திருக்கும் எண்டு விளங்கும்.

"கறளெண்டாலும் காட்டத்தானே வேணும் ராத்தா, டொக்டர் அந்த இரும்ப எடுத்துப்போட்டு வேற போடுவாங்க" எண்டு ஒரு நாள் நான் சத்தம் போட்டன்.

அப்பத்தான் அவ உள்ளதச் சொன்னா. "பஸீனா, மதகுப் பலகைல இருந்து கறள் பிடிச்ச ஆணியக் கழட்டிப் பாத்திருக்கிறியா? ஆணி தனிய வராது. பலகையும் பிஞ்சிக்கொண்டு வரும். என்ட எலும்பும் அப்பிடித்தான் வரும். பிறகு கால எடுக்கிறதத் தவிர அவங்களுக்கு வேற வழி இல்ல. ஒத்தக் காலோட வரம்பில நிக்கேலுமா?"

அவ பயந்து நான் கண்டதில்ல. தொண்ணூறுல கூட அவ அழல்ல எண்டு உம்மா சொல்லுவா. அண்டைக்கு அவட குரல் நடுங்கிச்சி.

பிறகு ஊண்டி நடக்கப் பொல்லு வந்திச்சி. வீட்டில, றோட்டில பொல்லு சரி. வரம்பு அப்பிடியில்ல. ரெண்டு பக்கமும் பாத்தி, நடுவில ஒரு முழம் அகலத்துக்குக் களிமண் வரம்பு, பொல்ல ஊண்டினா அது மண்ணுக்குள்ள இறங்கும். ஒரு நாள் காலைல, நாங்க எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, பொல்லு இறங்கி, ராத்தா சரிஞ்சி, வாருறதுக்கு இருந்த பாத்திக்குள்ள விழுந்தா. வெள்ளைப் பாத்தி முழுக்கக் கலங்கிச் சேறாப் போச்சி. நாங்க ஓடினம். "ஒருத்தியும் தொடாதீங்க" எண்டா. வரம்பப் பிடிச்சிக்கொண்டு தானே எழும்பினா. உடுப்பு முழுக்க உப்பும் சேறும். அப்பிடியே ஷெட் பக்கம் நடந்து போனா.

முபாரிஸ் முதலாளி கெட்டவர் இல்ல. அவரு ஷெட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கதிரையக் கொண்டு வந்து போட்டாரு. "ராத்தா, நீங்க இனி வரம்புக்கு ஏற வேணாம். இதில குந்தி மூட்டை எண்ணுங்க. வரம்பப் பாக்க நான் அத்தாஉல்லாப் பொடியனப் போடுறன். சம்பளத்தில ஒரு குறையும் வராது" எண்டாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்கு அந்தக் கதிரையத் தூக்கி வாய்க்கால்ல எறியணும் போல இருந்திச்சி.

ராத்தா கதிரையப் பாத்தா. முதலாளியப் பாத்தா. "தம்பி, கங்காணிக்கு ஏன் கதிர? குந்தினா பாத்தி தெரியாது" எண்டா. பிறகு என்னட்டத் திரும்பி, "மச்சானுக்குப் போன் எடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். வெட்டுறதெண்டா வெட்டட்டும். கதிரைல குந்தியிருந்து சாகுறதுக்கு இது பரவாயில்ல."

இப்பிடித்தான் நாங்க கொழும்புக்குப் போனம்.

அங்க எலும்பு டொக்டர் ஒரு பொம்புள. சிங்கள ஆள், சின்ன உருவம், சிரிச்ச முகம். பிடிச்ச எக்ஸ்ரே படத்த வெளிச்சத்தில வெச்சிப் பாத்தா. பக்கத்தில மலைநாட்டுப் பக்கம் இருந்து வந்த ஒரு மிஸ், நேர்ஸ் பிள்ள, தமிழ்ல எடுத்துச் சொல்லுறதுக்கு. எங்களுக்குச் சிங்களம் தெரியும், எண்டாலும் வருத்தத்தச் சொல்லத் தாய்ப்பாஷதான் வருது.

"என்ன பயம் எண்டு கேக்கிறாங்கம்மா" எண்டா மிஸ்.

"கறள் பிடிச்சிருந்தாக் கால எடுப்பீங்களா எண்டு கேளுங்க."

மிஸ்ஸுக்கு விளங்கல்ல. அவங்கட பக்கம் அதத் துரு எண்டுதான் சொல்லுவாங்களாம். "கறளா? கரப்பானா? தோல்ல ஏதுமா அம்மா?" எண்டு காலத் தடவிப் பாக்கிறா. ராத்தாக்குப் பொறுமை எப்ப இருந்திச்சி? "மலகட! மலகட!" எண்டு சிங்களத்தில கத்தினா. கிளினிக்கில இருந்த அத்தின பேரும் திரும்பிப் பாத்தாங்க. யாருட காலுக்குள்ள மலகட எண்டு பாக்க ஒரு கிழவர் எழும்பியே வந்துட்டாரு.

டொக்டர் சிரிக்கல்ல. அதுக்காகவே நான் அவக்குத் துஆ செய்யிறன். கதிரைய இழுத்து ராத்தாக்குக் கிட்டப் போட்டுக் குந்தி, படத்தக் காட்டிக் காட்டிச் சொன்னா. இது கொண்டி செய்யிற இரும்பு இல்ல, உடம்புக்குள்ள இருக்கிறதுக்கெண்டே செஞ்சது, வெளியில உள்ள உப்புத்தண்ணி தோலத் தாண்டி இதுக்கிட்டப் போகாது எண்டா. நோவுக்குக் காரணம் வேறயாம். அண்டைக்கு எலும்பு முறிஞ்ச நேரம், எலும்புட தலைக்கு இரத்தம் போற பாதையும் பழுதாகிட்டு. வருசக்கணக்கில அந்தத் தல செத்து, நொறுங்கி, இப்ப மூட்டு எலும்போட எலும்பு உரஞ்சுது. மூட்டையே மாத்தணும்.

"ஆனா லேசு எண்டு சொல்லமாட்டன்" எண்டா. புதுசா மூட்டு மாத்துறவங்களுக்கு ஒரு வேலை, ராத்தாக்கு ரெண்டு வேலை. முதல்ல பழைய தகட்டையும் ஸ்குரூவையும் கழட்டணும். அதுக்கு மேல எலும்பு வளந்து மூடியிருக்கு, ஸ்குரூ இறுகியிருக்கும், உடையவும் கூடும். கழட்டின பிறகு அந்த ஓட்டையெல்லாம் எலும்பில பலம் குறைஞ்ச இடம். அதால புது மூட்டுட தண்டு ஓட்டையெல்லாத்தையும் தாண்டிக் கீழ போற மாதிரி நீளமா இருக்கணும். அதுக்கும் முதல், பழைய இரும்பச் சுத்திக் கிருமி குடியிருக்கா எண்டு பாக்கணும். "நீங்க கறளுக்குப் பயம். நான் கிருமிக்குப் பயம். கிருமி இருந்தா ஒரே தரத்தில செய்யேலாது. கழட்டிட்டு, சுகமாக்கிட்டு, பிறகு இன்னொரு தரம் வெட்டணும்."

ராத்தா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தா. "கால எடுப்பீங்களா?" எண்டு திரும்பவும் கேட்டா.

"காலக் குடுக்கத்தான் நான் செய்யிறன், எடுக்க இல்ல. உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க. தொழுறதுக்கா? சமைக்கிறதுக்கா?"

"வரம்பில நடக்கணும். பொல்லு இல்லாம." ராத்தா ரெண்டு கையையும் விரிச்சி வரம்புட அகலத்தக் காட்டினா. டொக்டர் அந்தக் கை அளவ வடிவாப் பாத்தா. பாரம் தூக்கக் கூடாது, ஆழமாக் குனியக் கூடாது, நிலத்தில குந்தக் கூடாது எண்டா. "நடக்கிறதுக்கு எண்டா முயற்சி செய்வன். வாக்குத் தரேலாது" எண்டா.

இரத்தம் எடுத்தாங்க. மூட்டுக்குள்ள ஊசி விட்டுத் தண்ணி எடுத்துப் பாத்தாங்க. முடிவு வாற வரைக்கும் இப்றாஹிம் மச்சான் தஸ்பீஹ் மணியத் தேய்ச்சே முடிச்சிருப்பாரு. அல்ஹம்துலில்லாஹ், கிருமி இல்ல. நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட ஒபரேசனுக்கு வரச் சொன்னாங்க.

ஒபரேசன் அண்டைக்கு நானும் மச்சானும் வெளில வாங்கில குந்தியிருந்தம். நேரம் போகுது, போகுது, கதவு திறக்கல்ல. எனக்குக் கண்ண மூடினா மதகுப் பலகைதான் தெரியுது, ஆணியோட பிஞ்சி வாற பலகை. மச்சானோட பேசினா அவரு அழுதிடுவாரு. அதால எதிர்ல நிண்ட காவக்காரனோட சும்மா ஒரு சண்டையப் பிடிச்சிக்கொண்டிருந்தன். சண்டை பிடிச்சாத்தான் எனக்கு மூச்சு வரும்.

உள்ள நடந்தத மிஸ் பிறகு சொன்னா. சொல்லும்போது அவக்கே சிரிப்பு அடக்கேலாம இருந்திச்சி.

ராத்தாக்கு முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரக்கப் பண்ணியிருக்கிறாங்க. நித்திரைக்கும் கொஞ்சம் மருந்து. எங்கட ஆள் நித்திர கொள்ளுவாவா? நெஞ்சுக்கு நேர துணி கட்டி மறைச்சிருக்கு, அங்கால என்ன நடக்குது எண்டு தெரியாது, சத்தம் மட்டும் கேக்குது. தட்டுறாங்க, கறகற எண்டு திருகுறாங்க. எல்லா ஸ்குரூவும் வந்திட்டு, ஒண்டு மட்டும் வரமாட்டன் எண்டு நிண்டிச்சாம். ராத்தாட உடம்புக்குள்ள இருந்தது, பின்ன எப்பிடி இருக்கும்! டொக்டர் வேற சாமான் எடுத்து, சுத்திவர எலும்ப மெல்ல மெல்ல விலக்கி, கடைசில அதையும் கழட்டியிருக்கிறா. தகடு கிணுங் எண்டு தட்டில விழுந்த சத்தம் கேட்ட உடன, துணிக்கு இங்கால இருந்து ராத்தாட குரல்:

"டொக்டர் நோனா, மலகட தியெனவத?"

கறள் இருக்குதா எண்டு சிங்களத்தில கேட்டிருக்கிறா. தியேட்டர் முழுக்க வேலை ஒரு நிமிசம் நிண்டு போச்சாம். டொக்டர் தகட்டத் தூக்கி, துணிக்கு மேலால ராத்தாட கண்ணுக்கு நேர பிடிச்சிருக்கிறா. மேல எரிஞ்ச வெளிச்சம் அதில பட்டுப் பளீர் எண்டிச்சாம்.

"நெஹெ அக்கே, அலுத் எகக் வகே." இல்ல அக்கா, புதுசு மாதிரி.

அதுக்குப் பிறகுதான் ராத்தா நித்திர கொண்டாவாம்.

வாட்டுக்குக் கொண்டு வந்தப்போ கால் ரெண்டும் இருந்திச்சி. நான் போர்வையத் தூக்கிப் பாத்தன், பாக்காம இருப்பனா? மறுநாள் மிஸ் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள தகட்டையும் ஸ்குரூவையும் கழுவிப் போட்டுத் தந்தா. ராத்தா அதப் பெருவிரலால தடவித் தடவிப் பாத்தா. பொல பொல எண்டு கண்ணீர் வந்திச்சி. "பதினாறு வருசம் இது என்னச் சுமந்திச்சி பஸீனா. நான் இதத் திட்டித் திட்டி எண்ணெய் பூசினன்" எண்டா. எனக்கு அவவில அவ்வளவு பெருமையா இருந்திச்சி. இரும்புலயும்தான்.

வீட்டுக்கு வந்த உடன அவ கேட்ட முதல் சாமான் என்ன? கருவாட்டுக் குழம்பு, நல்லா உப்புப் போட்டு. கேட்ட நேரத்தப் பாருங்க! மழை கெடுத்து, நாட்டில உப்புத் தட்டுப்பாடு. சுத்திவரக் கடல வெச்சிக்கொண்டு கப்பல்ல உப்பு வந்த காலம் அது. கடைல உப்பு இல்ல. வருசக்கணக்கா அவ உப்பத் தொடல்ல, தொடலாம் எண்டு வந்தப்போ உப்பு இல்ல. கடைசில யூஜினி தன்ட வீட்டு மூலைல கிடந்த பழைய உப்பு ஒரு டின்ல கொண்டு வந்து குடுத்தா. மச்சான் அண்டைக்கு மூணு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. அந்த மனிசன் சாப்பிடுறதப் பாத்து நான் குசினிக்குள்ள போய்க் கண்ணத் துடைச்சன்.

தொழுகைக்கு மட்டும் கதிரை போடச் சொன்னாங்க, நிலத்தில குந்தக் கூடாதே. அதப் பாத்து நான் சும்மா இருப்பனா? "என்ன ராத்தா, கதிரைல குந்தமாட்டன் எண்டீங்க?" எண்டன்.

"அல்லாட முன்னால குந்துவன். முபாரிஸ்ட முன்னால குந்தமாட்டன்" எண்டா.

பெட்டிய என்னட்டத் தந்தது பிறகு ஒரு நாள். "இந்தத் தகட்ட உப்பளத்துக் கேட்டுத் தூண்ல கட்டு. கொண்டிக்குப் பக்கத்தில. மழை, வெயில், உப்புக்காத்து எல்லாம் படட்டும். சுல்பாட காலுக்குள்ள கறள் எண்டு சொன்னவங்க எல்லாரும் வந்து பாக்கட்டும்."

முதல்ல சொன்னது அவதானே எண்டு நான் ஞாபகப்படுத்தல்ல. வருத்தக்காரியோட சண்டை பிடிக்கப் படாது. நைலோன் கயித்தால வடிவாக் கட்டினன். கேட்டால போற ஒவ்வொருத்தியும் அதத் தொட்டுப் பாப்பா. கிழமைக்குக் கிழமை பாத்தம். கொண்டி மண்ணிறமா உதிருது, பூட்டு இறுகிட்டு, தகடு அப்பிடியே மினுங்குது. முபாரிஸ் முதலாளி கூட ஒரு நாள் நிண்டு நகத்தால சுரண்டிப் பாத்தாரு. "இதில கேட்டுச் செய்யேலாதா?" எண்டாரு.

ஆனா தகடு நல்லா இருந்து என்ன? ஆள் வரணுமே. வெயில் பிடிச்சி, வாருற காலம் வந்திட்டு. வரம்பில அத்தாஉல்லா நிக்கிறான், விசிலொண்டு வெச்சிக்கொண்டு. ஓம், விசில்! எங்கள என்ன இஸ்கூல் பிள்ளைகள் எண்டு நெனச்சானோ தெரியாது. ராத்தா கிளினிக்குக்குப் போவா, வருவா, ஒண்டும் சொல்லமாட்டா. அவட வீட்டுக்குப் போனா முத்தத்து மணல்ல ரெண்டு நீளக் கோடு கீறியிருக்கும், நடுவில ஒரு முழம் இடைவெளி விட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுதுகள் எண்டுதான் நான் நெனச்சன். கட்டிலுக்குப் பக்கத்தில பொல்லு சாஞ்சிக்கொண்டே இருக்கும். நான் கேக்கப் பயந்தன். இல்ல எண்டு சொல்லிப்போட்டா என்ன செய்யிறது?

அண்டைக்குத் தெற்கால வானம் கறுத்துக்கொண்டு வந்திச்சி. மழைக்கு முதல் கடைசிப் பாத்தி ரெண்டையும் வாரி முடிக்கணும். நாங்க எல்லாரும் வரிசையாக் குனிஞ்சி நிக்கிறம், அத்தாஉல்லா அந்தக் கரையில ட்ரெக்டர்காரனோட கத்திக்கொண்டு நிக்கிறான். கை வாருது, வாய் கதைக்குது, வழக்கம் போல. கதை ராத்தாவப் பத்தி வந்திச்சி.

"நான் ஒண்டு சொல்லட்டா?" எண்டா யூஜினி. "என்ன ஏசாத பஸீனா. அந்த மனிசில எனக்கு உசிரு. நானும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தித்தான் இருக்கிறன். எண்டாலும் அவ இனி வரம்பில ஏறமாட்டா. எழுதித் தாறன்."

எனக்குக் கோவம் தலைக்கேறிச்சி. நிமிந்து நல்லாக் குடுப்பம் எண்டு வாயத் திறந்தன். எனக்கு முதல் வேற ஒரு குரல், எங்களுக்கு நேர பின்னால, கையெட்டுற தூரத்தில:

"எழுதித் தா யூஜினி. கையெழுத்தும் போட்டுத் தா."

யூஜினிட கையில இருந்த பலகை பாத்திக்குள்ள விழுந்திச்சி. "ஐயோ மாதாவே!" எண்டு கத்தினா. எல்லாரும் திரும்பினம்.

சுல்பா ராத்தா வரம்பில நிக்கிறா. கையில பொல்லு இல்ல, குடை இல்ல, ஒரு கம்புத் துண்டு கூட இல்ல. அவக்குப் பின்னால வரம்பு கேட்டு வரைக்கும் நீளமாக் கிடக்குது, அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறா. ஈர மண்ணில ரெண்டு காலும் ஒரே மாதிரிப் பதிஞ்சிருக்கு, இழுபட்ட கோடு ஒண்டும் இல்ல. அங்கால கேட்டுக்கு வெளில இப்றாஹிம் மச்சான் த்ரீவீல விட்டு இறங்கி, கையக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாரு.

எனக்கு அழுகை வந்திட்டு. விக்கி விக்கி அழுறன். வெக்கமும் இல்ல.

"அழுறதெண்டா வரம்புக்கு ஏறி வந்து அழு" எண்டா ராத்தா. "வாருற உப்புக்குள்ள அழாத. வானம் கறுக்குது, கண்ணில்லியா? அந்த மூலைய ஆர் வாருறது? ஏய் அத்தாஉல்லா, அந்த விசிலப் பொக்கட்டுக்குள்ள போடு தம்பி, உப்புக்குக் காது கேக்காது!"

நாங்க சிரிச்சிச் சிரிச்சி வாரினம், கெதியா வாரினம். அண்டைக்கு வாரின மாதிரி ஒரு நாளும் வாரல்ல. அவ வரம்பு வழிய அந்தக் கரைக்குப் போறா, இந்தக் கரைக்கு வாறா. நான் காதக் குடுத்துப் பாத்தன். காத்துச் சத்தம் கேக்குது, பலகைச் சத்தம் கேக்குது, அவட நடைச் சத்தம் கேக்கவே இல்ல.

யூஜினிக்கு மட்டும் அது பொறுக்கல்ல. ராத்தா கிட்ட வந்த நேரம் நிமிந்து, "எப்பிடி அக்கா வந்தீங்க? சத்தமே கேக்கல்லியே!" எண்டு கேட்டா.

ராத்தா நிண்டா. தன்ட ரெண்டு காலையும் ஒரு தரம் பாத்தா.

"ஓம்" எண்டா. "இனிக் கேக்காது."